டீசீரியலைஸ் செய்யும்போது மெமரி தீர்ந்து போகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

பிட்கொயின் போன்ற ஒரு நெட்வொர்க்கிலிருந்து வரும் பைட்டுகளைப் படித்து மீண்டும் தரவாக மாற்றும் (டீசீரியலைஸ் செய்யும்) புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும், எந்த மொழியில் எழுதினாலும், ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. வரும் செய்திக்குள் "இதற்குப் பின்னால் இத்தனை பைட்" அல்லது "இத்தனை உருப்படி" என்று ஓர் எண் இருக்கும். புரோகிராம் அந்த எண்ணை நம்பி உடனே அவ்வளவு மெமரியைக் கேட்கும். எண் தப்பாகவோ வேண்டுமென்றே பொய்யாகவோ இருந்தால் இயந்திரம் படுத்துவிடும்.

ஹட்டனில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் லெப்டொப்களில் இதையே பார்த்துப் பார்த்து, எந்த அறிகுறிக்கு எங்கே முதலில் கை வைப்பது என்று ஓர் ஒழுங்கு கிடைத்திருக்கிறது. பெரும்பாலானவை 4 ஜி.பி. ராம் உள்ள பழைய லெப்டொப்கள். அதில் ஒரு நன்மையும் உண்டு: 32 ஜி.பி. இயந்திரத்தில் மறைந்து கிடக்கும் பிழை இங்கே உடனே வெளியே வந்துவிடும்.

தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவத்தில் சாக்கு தராசில் ஏறிய பிறகுதான் எடையை எழுதுவார்கள். வாயால் சொன்ன எடைக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. மெமரியையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும், கையில் வந்து சேர்ந்த பைட்டுக்கு மட்டும். கீழே உள்ள அத்தனை திருத்தங்களும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வருகின்றன.

## தொடங்குமுன் செய்து வைக்க வேண்டியவை

முழுச் சங்கிலியையும் இறக்க வேண்டாம். பிட்கொயினின் முழுச் சங்கிலி (இதுவரை நடந்த எல்லாப் பரிமாற்றங்களும் அடங்கிய புளொக்குகளின் தொடர்) 500 ஜி.பி.யைத் தாண்டிவிட்டது. போனில் ரீலோட் போட்டு ஹொட்ஸ்பொட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அது ஆகாத காரியம், இந்த வேலைக்குத் தேவையும் இல்லை. பிட்கொயின் கோரை (பிட்கொயின் நெட்வொர்க்கில் இணையும் கணினியை, அதாவது ஒரு நோட்டை, இயக்கும் மென்பொருள்) ரெக்டெஸ்ட் என்ற சோதனை முறையில் ஓட்டுங்கள். நெட் இல்லாமலே உங்கள் இயந்திரத்துக்குள் ஒரு சிறிய சங்கிலி ஓடும். வீட்டில் யாராவது "கிரிப்டோவில் காசு போடுறியா?" என்று பயந்து கேட்டால் அதையே காட்டுங்கள். மெய்நிகர் நாணயங்கள் பற்றி மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருப்பதால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ரெக்டெஸ்டில் புழங்கும் நாணயத்துக்கு ஒரு சதம்கூடப் பெறுமதி கிடையாது.

இரண்டாவது, செய்தியின் பைட்டுகளை ஒரு கோப்பில் சேமித்துவிட்டு, கோப்பிலிருந்தே டெஸ்ட் ஓட்டுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தாலும் அதே பைட்டுகள் கையில் இருக்கும்.

மூன்றாவது, மெமரிக்கு வேலி போட்ட டெர்மினலில் மட்டும் ஓட்டுங்கள். லினக்ஸில் யூலிமிட் கட்டளையின் வி விருப்பத்துக்கு 1048576 கொடுத்தால் ஒரு ஜி.பி.க்கு மேல் அந்த டெர்மினலில் எதுவும் கேட்க முடியாது (அந்த எண் கே.பி. கணக்கு). வேலி இருந்தால் புரோகிராம் மட்டும் விழும், திறந்து வைத்த மற்ற வேலைகள் தப்பும்.

## அறிகுறி 1: புரோகிராம் ஒன்றும் சொல்லாமல் செத்துவிடுகிறது

திரையில் "கில்ட்" என்று ஒரு சொல் மட்டும் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. வெளியேறும் குறியீட்டைப் பார்த்தால் 137. அதாவது 128உடன் 9. லினக்ஸ் கேர்னல் ஒன்பதாம் எண் சிக்னலை அனுப்பி நிறுத்தியிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது மெமரிதான் காரணமா என்பது. கேர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளில் "அவுட் ஒஃப் மெமரி" என்று இருக்கிறதா? அதில் உங்கள் புரோகிராமின் பெயர் இருக்கிறதா? பல நேரம் பிரவுசர் மூன்று ஜி.பி.யைப் பிடித்துக்கொண்டிருக்கும், உங்கள் புரோகிராம் அநியாயமாக அடிபட்டிருக்கும். பிரவுசரை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் சாகிறதென்றால் கீழே போங்கள்.

### நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள்

மெமரி கேட்கும் வரிக்கு நேர் மேலே, படித்த நீளத்தை அச்சிடும் ஒரு வரியைச் சேருங்கள். செலவில்லாத சோதனை இது. பாதிக்கு மேற்பட்ட கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன, ஏனென்றால் அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

கொட்டகலையிலிருந்து வரும் ஒரு பிள்ளை, "மிஸ், லெப்டொப் ஸ்டக் ஆகிருச்சு, மூணாவது தடவை" என்று கொண்டு வந்தாள். வரியைச் சேர்த்து ஓட்டியதும் திரையில் 1358954496 என்று வந்தது. "இதை 16777216ஆல் வகுத்துப் பாரும்மா" என்றேன். கல்குலேட்டரில் சரியாக 81 வந்தது, மீதி இல்லை. அவள் எதிர்பார்த்த செய்தியின் நீளமும் 81 பைட்தான்: 80 பைட் புளொக் ஹெடர், அதன் பின்னால் ஒரு பைட். நான்கு பைட்டுகளையும் தலைகீழாகப் படித்திருக்கிறாள். பிட்கொயினில் இந்த எண்கள் சிறிய பைட் முதலில் வரும் வரிசையில் இருக்கும். அவளுடைய புரோகிராம் பெரிய பைட் முதலில் என்று எடுத்துக்கொண்டது. ஓர் எழுத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது.

உங்களுக்கு வந்த எண்ணையும் இப்படிப் பாருங்கள்.

16777216ஆல் மீதியின்றி வகுபட்டால், பைட் வரிசை தலைகீழ். ஈவு நீங்கள் எதிர்பார்த்த நீளமாக இருக்கும்.

3652501241 என்று வந்தால், மெயின் நெட்வொர்க்கின் தொடக்க அடையாளமான 249, 190, 180, 217 என்ற நான்கு பைட்டுகளை நீளம் என்று படித்திருக்கிறீர்கள். ரெக்டெஸ்டில் அதே பிழைக்கு வரும் எண் 3669344250. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் வரும் ஹெடர் மொத்தம் 24 பைட்: அடையாளம் 4, கட்டளைப் பெயர் 12, நீளம் 4, சரிபார்ப்புத் தொகை 4. நீளம் பதினாறு பைட் தாண்டித்தான் தொடங்குகிறது. முந்தைய செய்தியின் உடலை முழுதாகப் படித்து முடிக்காமல் அடுத்த ஹெடருக்குப் போனாலும் இதே மாதிரி இடம் தவறும்.

1936876918 என்று வந்தால், "வெர்ஷன்" கட்டளைப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளை எண்ணாகப் படித்திருக்கிறீர்கள். 12 பைட் பின்னால் நிற்கிறீர்கள்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண், எந்த ஒழுங்கும் இல்லை என்றால், மறைகுறியாக்கப்பட்ட இணைப்பைச் சாதாரண இணைப்பாக நினைத்துப் படிக்கிறீர்கள். பிட்கொயின் கோர் 27.0 முதல் இரண்டாம் வகைப் போக்குவரத்து (மறைகுறியாக்கிய இணைப்பு) இயல்பாகவே இயங்குகிறது. நீங்கள் நோட்டுடன் இணைந்தால், முதல் பைட்டுகளைப் பார்த்து அது பழைய வகைக்கு இறங்கிவிடும். நோட் உங்களை அழைக்கும்படி வைத்திருந்தால் அது முதலில் புதிய வகையைத்தான் முயலும். தொடக்கமே தற்செயல் பைட்டுகள் போல இருக்கும். சோதனை முடியும்வரை நோட்டின் வி2டிரான்ஸ்போர்ட் அமைப்பை 0 ஆக்குங்கள்.

### எண் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சாகிறது

அப்படியானால் எதிர்ப் பக்கம் உண்மையிலேயே பெரிய எண்ணை அனுப்புகிறது, உங்களிடம் வரம்பே இல்லை. நோட்டின் தற்போதைய வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பிட்கொயின் கோரில் ஒரு செய்தியின் உடல் 4,000,000 பைட்டுக்கு மேல் போக முடியாது. ஹெடரில் நீளத்தைப் படித்தவுடன், ஒரு பைட் மெமரிகூடக் கேட்காமல், இதோடு ஒப்பிட்டுப் பெரியதென்றால் இணைப்பை வெட்டுங்கள்.

வெட்டிய பிறகும் "இன்னும் படித்துப் பார்க்கலாமே" என்று தொடரவேண்டாம். இடம் தவறிய ஓடையை நடுவில் பிடித்து ஒழுங்காக்க நினைப்பது வீண் வேலை.

## அறிகுறி 2: மெமரி கிடைக்கவில்லை என்று புரோகிராமே சொல்லிவிட்டு நிற்கிறது

ரஸ்டில் "மெமரி அலொகேஷன் ஃபெயில்ட்" என்று வந்து குறியீடு 134, அல்லது "கெப்பாசிட்டி ஓவர்ஃப்ளோ" என்ற பேனிக். கோ மொழியில் "மேக்ஸ்லைஸ்: லென் அவுட் ஒஃப் ரேஞ்ச்". பைத்தனில் "மெமரி எரர்". முதல் அறிகுறியைவிட இது நல்லது, எந்த வரி என்று தெரிந்துவிடுகிறது.

வரம்பே இல்லையென்றால் மேலே சொன்னபடி போடுங்கள். வரம்பு இருந்தும் இது வருகிறதென்றால், இந்த வரிசையில் பாருங்கள்.

வரம்புச் சோதனை மெமரி கேட்கும் வரிக்குக் கீழே இருக்கிறதா? நம்ப மாட்டீர்கள், மிக அதிகமாகக் காண்பது இதைத்தான். ஒரு வரியை மேலே நகர்த்தினால் முடிந்தது.

வரம்பு பைட்டில், எண் உருப்படியில் இருக்கிறதா? "4,000,000க்குள்தானே" என்று விட்ட எண் உருப்படிகளின் எண்ணிக்கையாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 36 பைட் என்று வைத்தாலே 144,000,000 ஆகிவிடும். உருப்படிக்கான வரம்பு தனியாக வேண்டும். இன்வ் செய்தியில் (தன்னிடம் உள்ளவற்றின் பட்டியல்) 50,000, ஹெடர்ஸ் செய்தியில் (புளொக் ஹெடர்கள்) 2,000, அட்ரஸ் செய்தியில் (மற்ற நோட்களின் முகவரிகள்) 1,000 என்று நெறிமுறையிலேயே எண்கள் இருக்கின்றன.

மீதி 32 பிட் விஷயங்கள். பண்டாரவளையில் ஒரு நண்பர் பழைய ராஸ்பெரி பையில் 32 பிட் இயங்குதளம் போட்டு நோட் வாசிப்பான் ஓட்டுகிறார். அவரிடம் வரும் கோளாறுகள் எல்லாம் இந்த வகை. பிட்கொயினில் நீளத்தையும் எண்ணிக்கையையும் எழுதும் சுருக்க எண்ணில் முதல் பைட் 252 வரை இருந்தால் அதுவே எண். 253 என்றால் அடுத்த 2 பைட், 254 என்றால் 4, 255 என்றால் 8. அந்த எட்டு பைட் எண்ணை 32 பிட் மாறியில் போட்டால் மேல் பாதி உதிர்ந்துவிடும். 4294967297 என்ற எண் 1 ஆகி, வரம்புச் சோதனையைச் சிரித்துக்கொண்டே தாண்டும்.

பெருக்கல் இதைவிட மோசம். உருப்படி எண்ணிக்கை 119304648, ஒன்றுக்கு 36 பைட். பெருக்கினால் 4294967328. 32 பிட்டில் அது 32 ஆகச் சுருங்கும். புரோகிராம் 32 பைட் மெமரி வாங்கிக்கொண்டு கோடிக்கணக்கான உருப்படிகளை அதில் எழுதப் போகும். சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் இது மெமரி தீரும் கோளாறாக நிற்காது, அடுத்தவருடைய மெமரிக்குள் எழுதும் பாதுகாப்பு ஓட்டையாகிவிடும். அதனால் எண்ணை 64 பிட்டிலேயே வைத்து வரம்பைப் பார்த்த பிறகுதான் சிறிய மாறிக்கு மாற்ற வேண்டும். பெருக்குவதற்குப் பதிலாக, வரம்பை 36ஆல் வகுத்து எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். வகுத்தல் நிரம்பி வழியாது.

இந்த இரண்டு எண்களையும் அப்படியே டெஸ்ட் கோப்பில் சேர்த்துவிடுங்கள். 64 பிட் இயந்திரத்தில் அந்த டெஸ்ட் பிழையைக் காட்டாமலே பாஸ் ஆகிவிடலாம். 32 பிட்டுக்குக் கம்பைல் செய்தும் ஒரு தடவை ஓட்ட வேண்டும்.

எப்போது வேறொருவரைக் கூப்பிடுவது: பெருக்கல் நிரம்பி வழிந்தது உறுதியாகி, அந்தப் புரோகிராம் ஏற்கெனவே யாரிடமோ ஓடிக்கொண்டிருந்தால், தனியாகத் திருத்திவிட்டு அமைதியாக இருக்காதீர்கள். பாதுகாப்புத் தணிக்கை தெரிந்த ஒருவர் அந்த முழுக் கோப்பையும் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் இருந்தால் நாலு இடத்தில் இருக்கும்.

## அறிகுறி 3: டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனாலும் நேரில் ஓட்டினால் மெமரி ஏறுகிறது

இதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட நேரம் போகிறது, இதைத்தான் மக்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

### டெஸ்ட் எதைச் சோதிக்கிறது?

வழக்கமான டெஸ்ட் இப்படி இருக்கும்: நீளம் இரண்டு பில்லியன் என்று சொல்லும் ஒன்பது பைட்டுச் செய்தியைக் கொடு, பிழை வருகிறதா என்று பார். பிழை வரும். பச்சை விளக்கு எரியும். ஆனால் என்ன பிழை? இரண்டு பில்லியன் பைட்டுக்கு மெமரி வாங்கிவிட்டு, படிக்கப் போய், தரவு தீர்ந்துவிட்டது என்று திரும்பினாலும் அது பிழைதான். டெஸ்டுக்கு வித்தியாசம் தெரியாது.

முதல் திருத்தம் இலவசம்: பிழை வந்ததா என்று மட்டும் பார்க்காமல், எந்தப் பிழை என்று பாருங்கள். "அளவு மீறியது" என்ற பிழை வர வேண்டிய இடத்தில் "தரவு போதவில்லை" என்று வந்தால், உங்கள் வரம்பு வேலை செய்யவே இல்லை. பிட்கொயின் கோரில் இந்த இரண்டும் வேறு வேறு வாசகங்கள்: சுருக்க எண் 33,554,432ஐத் தாண்டினால் "சைஸ் டூ லார்ஜ்", பைட் தீர்ந்தால் "எண்ட் ஒஃப் டேட்டா". ரஸ்ட் பிட்கொயின் நூலகத்திலும் அளவு மீறிய வெக்டருக்கு (வளரக்கூடிய வரிசை) தனிப் பிழை வகை உண்டு. அதன் வரம்பு 4,000,000. உங்கள் வாசிப்பானிலும் இரண்டையும் பிரித்து வையுங்கள்.

### மெமரி ஏறியதை லினக்ஸ் மறைக்கிறதா?

சரி, பிழை வகையையும் பார்த்தாயிற்று. அப்புறம் உச்ச மெமரியை அளக்கிறீர்கள். டைம் கட்டளையின் விரிவான முறையில் உச்ச ரெசிடென்ட் அளவு (ராமில் உண்மையாகப் பிடித்த இடம்) சில எம்.பி. என்றே காட்டுகிறது. நிம்மதியாகத் தூங்கப் போகலாமா? இன்னும் இல்லை.

லினக்ஸ் பெரிய மெமரிக் கோரிக்கைக்கு "சரி, எடுத்துக்கொள்" என்று சொல்லிவிடும், ஆனால் தொடும்வரை உண்மையான பக்கங்களைக் கொடுக்காது. ரஸ்டில் பூச்சியங்களால் நிரப்பிய வெக்டரை ஒரு ஜி.பி.க்குக் கேட்டால், தொடாதவரை ரெசிடென்ட் அளவு ஏறாது. அதே வேலையை சி பிளஸ் பிளஸ் வெக்டரின் ரீசைஸ் கொண்டு செய்தால், அது ஒவ்வொரு பைட்டிலும் பூச்சியத்தை எழுதும், உடனே ஒரு ஜி.பி. ஏறிவிடும். ஒரே பிழை, இரண்டு மொழியில் இரண்டு முகம். விண்டோஸ் இப்படித் தாராளமாகக் கொடுப்பதில்லை. லினக்ஸில் பாஸ் ஆன டெஸ்ட் பக்கத்து மேசை விண்டோஸ் லெப்டொப்பில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். காரணம் உங்கள் புரோகிராமில்தான் இருக்கிறது.

ஆகவே ரெசிடென்ட் அளவை விட்டுவிட்டு, கேட்ட அளவையே எண்ணுங்கள். ரஸ்டில் ஒதுக்கீட்டைச் செய்யும் குளோபல் அலொகேட்டரைச் சுற்றி, கேட்ட பைட்டுகளைக் கூட்டும் ஒரு சிறிய உறை எழுதலாம், இருபது வரிதான். சி பிளஸ் பிளஸ்ஸில் நியூ ஒபரேட்டரை மாற்றி எழுதி அதையே செய்யலாம். கோ மொழியில் ரன்டைம் புள்ளிவிவரத்தில் உள்ள மொத்த ஒதுக்கீட்டை டெஸ்டுக்கு முன்னும் பின்னும் எடுத்துக் கழியுங்கள். பைத்தனில் டிரேஸ்மெலொக்கின் உச்ச அளவு. அப்புறம் டெஸ்டில் எழுத வேண்டிய வாக்கியம் இதுதான்: "ஒன்பது பைட் கொடுத்தேன், பிழையோடு திரும்பியபோது கேட்ட மெமரி சில கே.பி.யைத் தாண்டவில்லை."

பைத்தன்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. சொக்கெட்டின் ரிசீவ் அழைப்பில் பெரிய எண்ணைக் கொடுத்தால், பைட் வருவதற்கு முன்பே அவ்வளவு பெரிய பஃபர் தயாராகிவிடும். 65536 போன்ற ஒரு நிலையான அளவைக் கொடுத்துச் சுற்றில் படியுங்கள்.

### வரம்புக்குள்ளேயே வந்து வீங்குகிறதா?

செய்தி 4,000,000 பைட்டுக்குள்தான். எண்ணிக்கைகளும் பொய்யில்லை, பைட்டுகள் உண்மையாகவே வந்து சேர்ந்தன. ஆனாலும் மெமரி பல மடங்கு ஏறுகிறது. ஏன்?

வயரில் (நெட்வொர்க்கில் வரும் வடிவில்) ஒரு பைட் என்பது மெமரியில் ஒரு பைட் ஆகாது. பரிமாற்றத்தின் கையெழுத்துகள் இருக்கும் சாட்சிப் பகுதியில் ஒரு வெற்று உருப்படி வயரில் ஒரே பைட், பூச்சியம். 64 பிட் இயந்திரத்தில் அதை ஒரு வெக்டராக வைத்தால், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் 24 பைட் பிடிக்கும். நான்கு மில்லியன் பூச்சியங்களை அனுப்பினால் 96,000,000 பைட். வெக்டர் இரட்டிப்பாக வளரும் நொடியில் பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் உச்சம் இன்னும் மேலே போகும். பரிமாற்றத்தில் காசு போய்ச் சேரும் இடமான வெளியீடு ஒன்று, வெற்றாக இருந்தால், வயரில் 9 பைட். மெமரியில் அதைக் குறைந்தது 32 என்று வையுங்கள்.

சோதிக்கும் விதம்: ஒவ்வொரு உருப்படி வகைக்கும் மெமரி அளவை வயரில் மிகக் குறைந்த அளவால் வகுத்து எழுதி வையுங்கள். எந்த வகையின் விகிதம் பெரியதோ, அதையே நிரப்பி நான்கு மில்லியன் பைட்டுக்கு ஒரு செய்தி தயாரித்து ஓட்டுங்கள். அதுதான் உங்கள் வாசிப்பானின் மிக மோசமான நாள். அந்த உச்சத்தை உங்கள் இயந்திரம் தாங்குகிறதா என்று அப்போது தெரியும்.

திருத்தம் இரண்டு படி. சுலபமானது, எண்ணிக்கை எவ்வளவு என்று சொன்னாலும் முதல் தடவை கேட்கும் மெமரிக்கு ஓர் உச்சம் வைத்து, மேலும் வேண்டுமென்றால் பைட் வர வர வளர்ப்பது. பிட்கொயின் கோர் ஒரு வெக்டரை நிரப்பும்போது ஒரு தவணைக்கு 5,000,000 பைட்டுக்கு மேல் ஒதுக்குவதில்லை. ரஸ்ட் பிட்கொயின், வரம்பின் கால் பங்கை உருப்படியின் மெமரி அளவால் வகுத்து அதற்கு மேல் முன்கூட்டி ஒதுக்குவதில்லை. இரண்டுமே நல்ல வழி. இந்தப் படி பொய் எண்ணைத் தடுக்கும், உண்மையாகவே வந்த வீக்கத்தைத் தடுக்காது.

செலவானது, தரவின் வடிவத்தையே மாற்றுவது: சாட்சி உருப்படிகளைத் தனித்தனி வெக்டராக வைக்காமல் ஒரே பைட் வரிசையாகவும் இடக்குறிப்புகளாகவும் வைப்பது. பாதிப் புரோகிராமைத் திருப்பி எழுத வேண்டி வரலாம். அளந்து பார்த்து வேண்டும் என்று தெரிந்த பிறகே இதில் இறங்குங்கள்.

## அறிகுறி 4: நல்ல தரவையே "அளவு மீறியது" என்று தள்ளுகிறது

பயத்தில் வரம்பை இறுக்கியவர்களுக்கு வருவது. ஒரு எம்.பி. போதும் என்று வைப்பார்கள். ஆனால் நிரம்பிய இன்வ் செய்தி 50,000 உருப்படி, ஒன்று 36 பைட், எண்ணிக்கைக்கு 3 பைட், மொத்தம் 1,800,003. அது நெறிமுறைப்படி சரியான செய்தி. ஹெடர்ஸ் நிரம்பினால் 162,003 பைட், அட்ரஸ் நிரம்பினால் 30,003. ஒவ்வொரு வகைக்கும் இந்த எண்ணில் ஒன்று, இதைவிட ஓர் உருப்படி கூட ஒன்று என இரண்டு டெஸ்ட் போதும்: முதலாவது ஏற்க வேண்டும், இரண்டாவது தள்ள வேண்டும். ரெக்டெஸ்டிலிருந்து கிடைப்பதெல்லாம் சிறிய செய்திகள் என்பதால் இந்தப் பெரியவற்றை நீங்களே தயாரிக்க வேண்டும். 2009 ஜனவரி 3ஆம் திகதியிட்ட முதல் புளொக் 285 பைட்தான். அது பாஸ் ஆவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நீளம் சரி, ஆனாலும் தள்ளுகிறது என்றால், சுருக்க எண்ணைப் பெரிய வடிவில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 5 என்பதை 253 போட்டு மூன்று பைட்டில் எழுதினால் பிட்கொயின் கோர் ஏற்காது. டெஸ்ட் தரவைக் கையால் எழுதும்போது இது அடிக்கடி நடக்கும்.

எப்போது நிறுத்துவது: செய்திக்கான வரம்பை நீங்களே தீர்மானிக்கலாம், அதிகபட்சம் ஓர் இணைப்பு போகும். புளொக்குக்குள் இருக்கும் எதற்கும் சொந்தமாக ஒரு வரம்பை வைக்காதீர்கள். மற்ற நோட்கள் எல்லாம் ஏற்ற புளொக்கை உங்கள் நோட் மட்டும் தள்ளினால், அது சங்கிலியை விட்டுப் பிரிந்து தனியே போகும். ஒருமித்த விதிகளில் (எந்தப் புளொக் செல்லும் என்று எல்லா நோட்களும் ஒரேபோல் தீர்மானிக்கும் விதிகள்) வேலை செய்து பழகிய ஒருவரின் கண் படாமல் அந்த வரியைத் தொட வேண்டாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

## அறிகுறி 5: ஒரு இணைப்பில் சரி, பல இணைப்பில் மெமரி ஏறுகிறது

ஒரு பியருக்கு (நம்மோடு இணைந்த எதிர் நோட்) 4,000,000 பைட் என்பது சின்ன விஷயம். பிட்கொயின் கோரின் வழக்கமான உச்சமான 125 இணைப்புகளும் அதையே செய்தால் 500,000,000 பைட். நமது 4 ஜி.பி. லெப்டொப்பில் அது உறைக்கும். பிட்கொயின் கோரே இந்த வழியில் அடிபட்டிருக்கிறது: 0.10.1க்கு முந்தைய பதிப்புகளில் செய்தி வரம்பு 32 எம்.பி. வரை இருந்ததால், பல பியர்கள் சேர்ந்து முடியாத பெரிய செய்திகளை அனுப்பி மெமரியைத் தீர்க்க முடிந்தது. 2015இல் வரம்பை 2 எம்.பி.க்கு இறக்கினார்கள், பிறகு சாட்சிப் பகுதியைத் தனியே பிரித்த மாற்றம் வந்தபோது அது 4,000,000 ஆனது.

சோதனை எளிது. நூறு இணைப்பைத் திறந்து, ஒவ்வொன்றிலும் "4,000,000 பைட் வருகிறது" என்ற ஹெடரை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருங்கள். மெமரி ஏறக்கூடாது, ஏனென்றால் ஒரு பைட் உடலும் வரவில்லை. ஏறினால் மூன்றாம் அறிகுறிக்குத் திரும்புங்கள். அடுத்ததாக, ஒவ்வொன்றிலும் கடைசி ஒரு பைட்டை மட்டும் நிறுத்தி மீதி எல்லாவற்றையும் அனுப்புங்கள். இப்போது ஏறுவது நியாயம். எல்லா இணைப்புகளுக்கும் சேர்த்து ஒரு மொத்த வரம்பு இருக்கிறதா, முடிக்காமல் நிற்கும் இணைப்பு ஒரு நேரத்துக்குப் பிறகு வெட்டப்படுகிறதா என்று பாருங்கள். நேர வரம்பை வைக்கும்போது நம் பக்கத்து இணைப்பை நினைவில் வையுங்கள்: நுவரெலியாவில் பனி மூடிய நாளில் சிக்னல் ஒரு கோடாகிவிடும் வீட்டிலிருந்து வரும் உண்மையான பியரும் மெதுவாகத்தான் அனுப்பும். மொத்த நேரத்தை வைத்து வெட்டாமல், புதிதாக ஒரு பைட்கூட வராத நேரத்தையும் மொத்த மெமரியையும் சேர்த்து வெட்டுவது எனக்குப் பிடித்த வழி.

## அறிகுறி 6: ஃபஸ் சோதனை "அவுட் ஒஃப் மெமரி" என்று நிற்கிறது, தனியாக ஓட்டினால் ஒன்றும் இல்லை

ஃபஸ் சோதனை என்பது தாறுமாறான பைட்டுகளைத் தொடர்ந்து கொடுத்துப் பார்ப்பது. அதற்கான கருவியான லிப்ஃபஸ்ஸரின் இயல்பான மெமரி வரம்பு 2048 எம்.பி. அது நின்றபோது சேமித்த கோப்பை மட்டும் தனியாகக் கொடுத்து ஓட்டுங்கள். அப்போதும் நின்றால் ஒரே ஒதுக்கீடுதான் காரணம், மேலே உள்ள ஏதோ ஓர் அறிகுறி. தனியாக நிற்கவில்லை என்றால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது; கடைசிக் கோப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒற்றை ஒதுக்கீட்டுக்குத் தனி வரம்பும் அதில் உண்டு, மெலொக் லிமிட். அதை 16 எம்.பி. போல இறுக்கி வைத்தால் மூன்றாம் அறிகுறியின் மறைந்த பிழைகள் சில நிமிடங்களிலேயே பிடிபடும். மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சனிட்டைசருடன் ஓட்டும்போது மட்டும் யூலிமிட் வேலியை எடுத்துவிடுங்கள். அது தொடக்கத்திலேயே மிகப் பெரிய முகவரி வெளியை ஒதுக்கி வைக்கும் என்பதால் வேலிக்குள் கிளம்பவே கிளம்பாது.

எப்போது வெளியே கொண்டு போவது: பிழை உங்களுடைய வரியில் இல்லை, பலர் பயன்படுத்தும் ஒரு நூலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், குழுவிலோ முகநூலிலோ போட வேண்டாம். அந்தக் கோப்பு கையில் இருக்கும் யாரும் மற்றவர்களின் நோட்களை விழுத்தலாம். பெரிய திட்டங்களில் செக்யூரிட்டி என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதில் தனிப்பட்ட முறையில் அறிவிக்கும் வழி எழுதியிருப்பார்கள். அனுப்பும்போது பைட் கோப்பு, நூலகத்தின் பதிப்பு, இயங்குதளம் 32 பிட்டா 64 பிட்டா, போட்டிருந்த மெமரி வேலி, கேட்கப்பட்ட அளவு, எதிர்பார்த்த பிழை, வந்த பிழை எல்லாவற்றையும் சேருங்கள். தமிழில் யோசித்து எழுதிய ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று தயங்கி வைத்திருக்காதீர்கள். அந்தக் கோப்பும் ஓட்டும் கட்டளையும் இருந்தால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். அவர்கள் பதில் வரும்வரை உங்கள் பக்கத்தில் அந்த நூலகத்துக்கு முன்னால் 4,000,000 பைட் வரம்பை வைத்து வேலையைத் தொடருங்கள்.